தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டவர்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்தது அல்ல. பாதிக் கதை, நின்றுபோன லிஃப்டுக்குள் நின்றுகொண்டு கேட்டது. மீதிப் பாதி என்னிடம் இல்லை. அதை எழுதத்தான் இத்தனை நாளாக மேஜையில் உட்கார்ந்து காகிதத்தைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நானும் ஒரு பை வெங்காயமும். மணியை அமுக்கினேன், கதவைத் தட்டினேன், யாரையெல்லாம் திட்ட முடியுமோ அத்தனை பேரையும் திட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலைக்கு மேலே, கதவு இடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பயப்படாதீங்க மேடம். நான் லிஃப்ட் மெக்கானிக். இது எங்கயும் விழாது. மோட்டார் ரூம் சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. அவர் டீ குடிக்கப் போயிருக்காராம். வந்ததும் உங்களை வெளியில எடுத்துடலாம்."

"எந்த ஊருக்கு டீ குடிக்கப் போயிருக்கார்?"

"வந்துடுவார் மேடம். அதுவரைக்கும் நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன். ஏதாவது பேசிட்டிருப்போம். பேசிட்டிருந்தா பயம் தெரியாது."

பேசினார். என் பயம் போவதற்காகத்தான் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். பாதி வழியில்தான் புரிந்தது, மனுஷனுக்கு யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். கேட்கிற ஆளுக்கு முகமும் தெரியக்கூடாது, எழுந்து ஓடவும் வழியிருக்கக்கூடாது. அதற்கு என்னைவிடத் தோதான ஆள் யார் கிடைப்பார்கள்?

2.

கதையை எப்படித் தொடங்குவது? மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "இளவெயிலில் தண்டவாளங்கள் இரண்டும் மின்னிக்கொண்டிருந்தன. மலையை வளைத்துக்கொண்டு ரயில் வந்தது. அப்போது வானத்திலிருந்து ஒரு மாபெரும் கை இறங்கி..." நிஜ ரயில் என்று உங்களை நம்பவைத்து, பிறகு இல்லை என்று சொல்லி அசத்துவதாகத் திட்டம். சின்னப் பிள்ளைத்தனம். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது: "மாதிரி ரயில்கள் பல அளவுகளில் கிடைக்கின்றன. அவற்றுள் மிகச் சிறிய வகை, நிஜ ரயிலை இருநூறு பங்குக்கும் மேல் சுருக்கிச் செய்யப்படுவது..." இது கதை இல்லை, கடையில் கொடுக்கும் துண்டுச் சீட்டு. ஆனால் இந்தத் தகவல் உங்களுக்குத் தேவை, அதனால் அடிக்காமல் விடுகிறேன். பெட்டி ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம் இருக்கும். சக்கரம் மிளகளவுகூட இல்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சட்டைப் பட்டனைப் படுக்கவைக்க இடம் போதாது. மொத்த ரயில் பாதையையும் ஒரு டீத் தட்டைவிடச் சற்றுப் பெரிய பலகையில் அடக்கிவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்று ஒரு பெட்டியாகவே விற்கிறார்கள்: வளையமாகப் போடத் தண்டவாளத் துண்டுகள், ஒரு எஞ்சின், சில பெட்டிகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ்.

மூன்றாவது: "அவள் கை நடுங்கியது."

மூன்றே சொல். முழுக் கதையும் இதற்குள் இருக்கிறது. ஆனால் அந்த மெக்கானிக் வீட்டில் யாரும் இந்த மூன்று சொல்லை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்களே பொத்திப் பொத்தி வைத்திருப்பதை நான் முதல் வரியிலேயே போட்டு உடைப்பது நியாயமா? [உடைத்தாகிவிட்டது. போகட்டும்.]

3.

மெக்கானிக்கின் மனைவிக்குப் பல் செய்கிற லேப்பில் வேலை. பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை எடுத்து, அதன்மேல் மெழுகில் பல் செதுக்குவது அவள் வேலை.* மெழுகில் எப்படிச் செதுக்குகிறாளோ அப்படித்தான் பல் வரும். மயிரிழை உயரம் கூடினாலும் கடிக்கிறவருக்குத் தாடை வலிக்கும். வருஷக்கணக்காக அதைச் செய்கிறாள். குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

*கணவரை 'அவர்' என்கிறாய், மனைவியை 'அவள்' என்கிறாய், இது என்ன கணக்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. கதவு இடுக்கிலிருந்து "அவ வந்தா, அவ சொன்னா" என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டே இருந்தது என் காதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த 'அவ'வில் இருந்த உரிமையை 'அவர்' போட்டுக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் பல்லக்கா கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

"என்ன அது?"

"ரயில்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களில் வேலைக்குப் போய்விட்டார்கள். பேரப் பிள்ளைகள் இன்னும் இல்லை. லிஃப்ட்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கு?"

"சும்மாதான். பொழுது போக வேணாமா?"

அவளுக்குப் போக்குவதற்குப் பொழுதே கிடையாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் "சரி, ஓட்டு" என்றார்.

இஸ்திரி மேஜையின் மேல் பலகையைப் போட்டாள். அன்றிலிருந்து அவருடைய சட்டைகள் இஸ்திரியை மறந்தன. பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, லேப்பிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்டவாளத்தில் உட்காரவைப்பாள். நாலு சக்கரமும் சரியாக உட்கார வேண்டும். ஒன்று விலகினாலும் வண்டி இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஆர்வத்தில் அவர் கையை நீட்டினால் தட்டிவிடுவாள்.

"நீங்க தொடாதீங்க. உங்க ஒரு விரலு ரெண்டு பெட்டி தடிமன் இருக்கு."

அடுத்த வாரம் மலை செய்தாள். கைவசம் பிளாஸ்டர் இருக்கிறது, கைவசம் தொழில் இருக்கிறது, அப்புறம் என்ன? பாதையின் ஓரத்தில் வரிசையாக மலைகளை வார்த்து, செதுக்கி, காயவைத்து, பச்சை நிறம் பூசி, அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, மலைக்கு நடுவுல எதுக்குக் குழி?"

"மலைன்னா மேடு பள்ளம் இருக்காதா?"

"இருக்கும். ஆனா இது கடவாப் பல்லு."

அவளும் குனிந்து பார்த்தாள். ஐயோ, ஆமாம். ஒவ்வொரு மலைக்கும் நாலு முனை, நடுவில் குழி, குழியின் குறுக்கே கூட்டல் குறி மாதிரி ஒரு பிளவு. மலை மலையாகத்தான் செதுக்கினாள். ஆனால் விரல் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்திருக்கிறது.

"அப்போ இந்தக் குகை?" என்றார் அவர், ரயில் நுழைந்து போகும் ஓட்டையைக் காட்டி.

"வேர் வரைக்கும் போகும்" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து இதைச் சொல்லும்போதும் சிரித்தார். நானும் உள்ளே தனியாக நின்று சிரித்தேன்.

4.

[இந்த இடத்தில் அவளுடைய மனநிலையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. "தன் கைகளைத் தானே அந்நியமாகப் பார்த்துக்கொண்டு அவள்..." என்று தொடங்கும். அவளுடைய மனநிலை எனக்கு எப்படித் தெரியும்? எடுத்துவிட்டேன்.]

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். சில மாதங்களாக அவள் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். பிறகு அரை டம்ளர் போதும் என்றாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவரே டீ போட்டார், இரண்டு டம்ளரிலும் பாதி பாதி ஊற்றினார். தனக்கு மட்டும் நிறைய ஊற்றிக்கொண்டால் அது ஒரு பேச்சாகிவிடும் இல்லையா? அப்படியே அது அரை டம்ளர் டீ குடிக்கிற வீடாகிப்போனது.

டாக்டரிடம் போகலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், லிஃப்டுக்குள்ளிருந்து கத்திக் கேட்டேன்.

"அதை அவகிட்ட நேரா சொன்னதில்லை மேடம். ஒருதடவை டிவியில ஏதோ வந்தப்போ, சும்மா பேச்சுவாக்குல, 'எதா இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிடணும்'னு சொன்னேன். அதுக்கு அவ, 'டாக்டர் ஒரு பேரு வெச்சுடுவார். பேரு வெச்சாச்சுன்னா அது வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும்'னு சொல்லிட்டு சேனலை மாத்திட்டா."

அந்த ரயிலை அவள் ஏன் வாங்கினாள் என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. கடையில் பெரிய ரயிலும் இருந்தது. சுலபமாகத் தூக்கி வைக்கலாம். இருப்பதிலேயே சின்னதை அவள் தேடி வாங்கியிருக்கிறாள். லேப்பில் தப்பு செய்தால் யாரோ ஒருவர் வாயில் போய் உட்காரும். இங்கே தப்பு செய்தால் ஒரு பொம்மைப் பெட்டி கவிழும், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் தன் கையைத் தானே சோதித்துப் பார்க்க ஒரு இடம் அவளுக்கு வேண்டியிருந்தது.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. சில நாள் இரண்டு மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது. சில நாள் ஒரே தடவையில் உட்கார்ந்தது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு டாக்டரிடமிருந்து பல் திரும்பி வந்திருந்தது. உயரம் கூடுதலாம். லேப் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் சொன்னாள்:

"நாளைக்கு காலையில உக்காந்து வெச்சுப் பாக்கப் போறேன். ஒரே தடவைதான். வண்டி ஒரு சுத்து சுத்திட்டா வேலையில இருப்பேன். நின்னுடுச்சுன்னா திங்கக்கிழமை போய் முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துடுவேன்."

எதைச் சோதிக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. எதை என்று அவரும் கேட்கவில்லை.

"அதெல்லாம் சுத்தும்" என்றார்.

5.

இங்கேதான் எண்ணெய் வருகிறது.

லிஃப்ட் கூண்டு மேலும் கீழும் போவதற்கு இரண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளம் இருக்கும். நாம் பார்க்க முடியாது, சுவருக்கும் கூண்டுக்கும் நடுவில் நெட்டுக்கு நிற்கும். மெக்கானிக்கின் முதல் பாடமே அதுதான்: தண்டவாளம் காயக்கூடாது. காய்ந்தால் கூண்டு கிறீச்சிடும், உதறும். ஆகவே எண்ணெய் போடு. அவர் இத்தனை வருஷமாகக் கட்டடம் கட்டடமாகப் போய்ச் செய்கிற காரியம் இது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல்லக்கா ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாள். அவர் தன் தொழில் பையைத் திறந்தார். சின்ன எண்ணெய்க் குப்பி, ஒரு பெயிண்ட் பிரஷ். அவளுடைய பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டார். இரண்டு தண்டவாளத்துக்கும், வளைவுகளுக்கும், கடவாப் பல் குகைக்குள்ளும், ஒரு இடம் விடாமல், ஒரு துளி சிந்தாமல் பூசினார். எஞ்சின் சக்கரங்களுக்கும் தாராளமாகப் போட்டார். வேலை முடித்துவிட்டுப் பார்த்தால் பாதை பளபளவென்று இருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு கை கொடுத்தாயிற்று.

[இந்த ஆளை நம்பலாமா? எனக்கே சந்தேகம் வந்தது. தினம் மின்சாரத்தோடு மல்லுக்கட்டுகிறவர். மாதிரி ரயிலுக்குத் தண்டவாளம் வழியாகத்தான் மின்சாரம் வருகிறது என்பது தெரியாமலா இருக்கும்? இதைக் கதவு இடுக்கு வழியாகக் கேட்டேவிட்டேன். "தெரியும் மேடம்" என்றார். "எல்லாம் தெரியும். ஆனா தண்டவாளத்தைப் பாத்ததும் கை தானா எண்ணெய்க்குப் போயிடுச்சு. தலை அங்க இல்லவே இல்லை." கடவாப் பல் மலையைச் செதுக்கியவளின் கணவர் இப்படிச் சொன்னால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.]

[என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "அவ வேலையை விட்டுட்டு நிம்மதியா இருந்தா போதும்னு அவனுக்கு உள்ளூர இருந்திருக்கும். வேணும்னேதான் போட்டிருக்கான்" என்றார். கதைக்கு இது நல்ல திருப்பம், மறுக்கவில்லை. உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு குறுகுறுப்பை வைத்தேன், உதட்டில் ஒரு சின்னப் புன்னகை வைத்தேன். அடுத்த பக்கத்தில் அதே ஆள் இரண்டு டம்ளரிலும் பாதி பாதி டீ ஊற்ற வேண்டும். ஊற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார். அந்தப் பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அவர் நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதுவே அவருக்குப் போதுமான கஷ்டம்.]

6.

சனிக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்து இஸ்திரி மேஜை முன்னால் உட்கார்ந்தாள். அவர் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் படிக்காமல் இருந்தார்.

எஞ்சினை எடுத்தாள். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். பிறகு பெட்டிகள். ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. கடைசிப் பெட்டி தண்டவாளத்தில் ஒரு தட்டுத் தட்டி விலகியது. மறுபடி தூக்கி வைத்தாள். உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. குமிழைத் திருப்பினாள்.

வண்டி ஒரு விரல் தூரம் போனது. உதறியது. நின்றது.

குமிழை இன்னும் திருப்பினாள். எஞ்சின் ஒரு தடவை விளக்கை மினுக்கிவிட்டு அணைந்தது. எஞ்சினின் பின்பக்கத்தை விரலால் லேசாகத் தள்ளினாள். ஒரு துளி நகர்ந்து மறுபடி நின்றது. அவர் செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"இன்னொரு தடவை எடுத்து வெச்சுப் பாரேன்."

"ஒரே தடவைன்னு சொன்னேன்ல."

"வண்டியில ஏதோ கோளாறா இருக்கும்மா."

"நேத்து வரைக்கும் ஓடின வண்டி." பூதக்கண்ணாடியைக் கழற்றினாள். "சக்கரம் உக்காரலை. எனக்குத் தெரியுது."

பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். அழவில்லை. அழுதிருந்தால் அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். "திங்கக்கிழமை சொல்லிட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருடைய சட்டைகளை எடுத்துவந்து, பலகையை இறக்கி வைத்துவிட்டு, அதே மேஜையில் இஸ்திரி போட ஆரம்பித்தாள். அத்தனை சட்டையையும் போட்டாள்.



7.

அன்று சாயங்காலம் அவர் அட்டைப்பெட்டியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ரயில் கடைக்குப் போனார். ஓடாத வண்டியை விற்றுவிட்டார்கள் என்று ஒரு பிடி பிடிப்பதாகத் திட்டம். இரண்டு தண்டவாளத் துண்டுகளையும் அத்தாட்சிக்குக் கொண்டுபோயிருந்தார்.

கடைக்காரர் எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு வெள்ளைத் துணியால் சக்கரத்தைத் தொட்டார். துணியில் கறுப்பாக ஒட்டியது. தண்டவாளத்தைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார்.

"சார், யாரு இதுக்கு எண்ணெய் போட்டது?"

"நான்தான். லிஃப்டுக்கு நாங்க..."

"லிஃப்ட்டா?" கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "சார், இதுக்குத் தண்டவாளம்தான் கரண்ட் கம்பி. அதுல இப்படி எண்ணெயைப் பூசினா சக்கரத்துக்குக் கரண்ட் எப்படி ஏறும்?"

 கடைக்காரர் ஸ்பிரிட் தொட்டுச் சக்கரங்களைத் துடைத்தார், கடையில் போட்டிருந்த பாதையில் வைத்தார். எஞ்சின் சர்ரென்று ஓடியது.

"ஒரு சந்தேகம்" என்றார் லிஃப்ட்காரர். "சக்கரமெல்லாம் சரியா உக்காந்திருந்துச்சுன்னு வைங்க. அப்பவும் நின்னிருக்குமா?"

"இவ்வளவு எண்ணெயில சரியா உக்காந்தாலும் நின்னிருக்கும், உக்காராட்டியும் நின்னிருக்கும். ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது."

இதைச் சொன்னபோது மேலே கதவு இடுக்கில் மெக்கானிக்கின் குரல் தணிந்துவிட்டது. நான் கதவில் காதை ஒட்டிக் கேட்க வேண்டியிருந்தது.

"இப்ப பாருங்க மேடம். சொன்னேன்னா, 'அப்போ என் கை நல்லாத்தான் இருக்கு'ன்னு நாளைக்கு வேலைக்குப் போவா. போனா இன்னொரு பல்லு திரும்பி வரும். அவ கை எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். சொல்லலைன்னா, ஒரு பொம்மை வண்டி நின்னதுக்காக வேலையை விடுவா. அதுவும் நான் எண்ணெய் ஊத்தின வண்டி. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

"யோசிச்சு சொல்றேன். முதல்ல கதவைத் தொறங்க" என்றேன்.

அப்போது வாட்ச்மேன் சாவியோடு வந்துவிட்டார். லிஃப்ட் மெல்ல ஏறியது. வெளியே வந்தபோது, தடித்த விரல்களும் தூக்கம் கெட்ட கண்களுமாக ஒரு மனிதர் என் வெங்காயப் பையை வாங்கித் தரையில் வைத்தார். அவர் போன் அடித்தது. அடுத்த தெருவில் இன்னொரு லிஃப்ட். போய்விட்டார்.

இதற்கு மேல் வருவதெல்லாம் என் கற்பனை. நடந்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

8.

முடிவு ஒன்று. ஞாயிறு சாயங்காலம் அவள் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போகும் நேரத்தில் அவர் ஸ்பிரிட்டால் பாதை முழுவதையும் துடைத்துவிடுகிறார். அவள் வந்ததும் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு தடவை வைக்கச் சொல்கிறார். வண்டி சுற்றுகிறது. அவள் கைதட்டுகிறாள், அவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகிறாள்.

இதை வாசித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரருக்கே மூக்கு சிவந்துவிட்டது. அப்படியே அச்சுக்குக் கொடுத்திருப்பேன். ஆனால் என் கீழ்த் தாடையில் கட்டின பல் ஒன்று இருக்கிறது. அதைச் செதுக்கிய கை யாருடையது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கைக்கு வீட்டில் யாரும் பொய் சொல்லாமல் இருந்தால் தேவலை.

முடிவு இரண்டு. அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் வேலையை விடுகிறாள். பலகையைப் பரணில் போடுகிறார்கள். மற்றதெல்லாம் அப்படியே நடக்கிறது.

இதுதான் நடந்திருக்கும் என்று எனக்கு அடிவயிற்றில் ஒரு பயம். அதனாலேயே இதை ஒரு பத்திக்கு மேல் எழுத மாட்டேன்.

8 (மறுபடியும்).

முடிவு மூன்று. அவர் சொல்லிவிடுகிறார்.

ஞாயிறு சாயங்காலம். அவள் மடித்த துணிகளை அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, தொழில் பையைக்கூட இறக்காமல்,

"ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"வண்டி நின்னது உன்னால இல்ல. என்னால."

"உங்களாலயா? நீங்கதான் தொடவே இல்லையே."

"வெள்ளிக்கிழமை நீ கடைக்குப் போனப்போ தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு சிரித்தாள். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"தண்டவாளத்துக்கு எண்ணெயா! என்ன, அதுவும் லிஃப்டுன்னு நெனச்சீங்களா?"

"அப்படித்தான் ஆயிடுச்சு" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது. மார்பில் கிடந்த பாரம் இறங்கியது. சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

"கடவுளே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்குங்க போட்டீங்க?"

"நல்லா ஓடட்டும்னுதான்."

"முன்னாடியே நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு."

அவர் தோளில் பையின் வாரைச் சரிசெய்தார். அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது.

"என் கை மேல நம்பிக்கை இருந்திருந்தா எண்ணெய் எதுக்கு?"

[இந்த வரியை நான் திட்டமிடவில்லை. அவர் உண்மையைச் சொன்னால் அவள் கை நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வாள் என்றுதான் அவரும் பயந்தார், நானும் எண்ணியிருந்தேன். இரண்டு பேருக்கும் அவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.]

"அப்படி இல்லம்மா..."

"எவ்வளவு நாளா தெரியும் உங்களுக்கு?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவர் பையை இறக்கிக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் எழுந்து வந்து அவர் எதிரில் நின்றாள். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"லேப்ல யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாங்க. முதலாளி மூஞ்சியப் பாக்காமலே போறார். டாக்டர்கிட்ட போக எனக்கு பயம். சரி, ரயிலையாவது கேப்போம்னு கேட்டேன். அதுக்கும் நீங்க எண்ணெய் போட்டுட்டீங்க. இனிமே நான் யாரைப் போய் கேக்கறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"குனியாதீங்க. இதோ."

வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல்களை விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, எதன்மேலும் ஊன்றாமல்.

"நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன். நாளைக்கு எங்க போகணுமோ அங்க போறேன். டாக்டர்கிட்டன்னாலும் சரி, வேலைக்குன்னாலும் சரி."

9.

"அவர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்" என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, பேனாவை மூடினேன். நல்ல முடிவு. அன்பு இருக்கிறது, கண்ணீருக்கும் இடமிருக்கிறது, பதிலும் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் எடுத்துப் படித்தால், எழுதின எனக்கே கோபம் வந்தது. நடுங்குகிற கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் நடுக்கம் எப்படித் தெரியும்? எண்ணெய் போட்டதும் இதைத்தானே செய்தது? அவர் பற்றிக்கொண்டார் என்ற இடத்துக்குக் கீழேயே எழுதினேன்: அவள் கையை உருவிக்கொண்டாள். மறுபடியும் நீட்டினாள்.

நடுங்குகிறதா? 'ஆமாம்' என்று அவரைச் சொல்லவைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அடித்துவிட்டேன். 'இல்லை' என்று சொல்லவைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அடித்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பவைத்தேன். ஆனால் அதுவும் ஒரு பதில்தான், இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது புரியாதா?

என்னால் முடிந்தது இவ்வளவுதான். எனக்கு அவளை இப்போது பிடித்துவிட்டது, அதனால் நான் சொல்லும் எதையும் நீங்கள் நம்ப வேண்டாம். உங்களுக்கு அவளை இன்றுதான் தெரியும். நீங்கள் கொஞ்சம் இப்படிக் கிட்டே வாருங்கள். அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். விளக்கைப் போட்டிருக்கிறேன், வெளிச்சம் போதும். கை நீட்டியபடியே இருக்கிறது. அவளுக்குத் தோள் வலிக்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் இறக்க மாட்டாள். உங்கள் கையும் தானாக முன்னால் போகிறது, பார்த்தீர்களா?

"பிடிக்காதீங்க" என்கிறாள். "பாத்து சொல்லுங்க."